மாரி விழாத படங்கள்

ஜூன் மாதத்து நண்பகலில் மட்டக்களப்பு மாவட்டத்து வெல்லாவெளியின் வயல் வட்டைக்குள் நிற்பவரின் நிழல் தெற்கே விழும். டிசம்பரில் அதே நிழல் வடக்கே. இடையில் ஏப்ரலில் ஒருமுறையும் செப்டெம்பர் தொடக்கத்தில் ஒருமுறையும் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலைக் காலடியில் சுருட்டிவிடும். ஆனாலும் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணிநேர வித்தியாசம்கூட இல்லை. இலையுதிர்கால மஞ்சளையும் பனிக்கால நீலத்தையும் பேசும் மேற்கத்திய ஒளிப்பட நூல்கள் இங்கே கைகொடுக்காது. வெல்லாவெளி இருக்கும், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வெளிச்சத்தை மாற்றுவது மழையும் காற்றும் வேளாண்மையும்தான்.

ஐப்பசியில் விதைப்பு. வாடைக்காற்றோடு மாரி இறங்கினால் கார்த்திகை, மார்கழியில் வாவியும் வயலும் வானமும் ஒரே ஈயச் சாம்பல். மாசி, பங்குனியில் கதிர் பழுத்து அறுவடையாகும்போது வெயில் தாழவந்து தாளில் தங்கும். பிறகு கச்சான் காற்று. தூசியும் அனலும் சேர்ந்து தூரத்து மரங்களைக்கூட வெளிறச் செய்யும். படம் பிடிக்க வந்தவர்களுக்கு இவற்றில் வெயில் காலம்தான் வாய்த்தது என்பதே இலங்கைக் கிராமப்புற ஒளிப்படத்தின் பழைய கதை.

காரணம் கருவியில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் ஈரத்தட்டு முறையில் கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். இலங்கை வெக்கையில் அந்த அவகாசம் இன்னும் சுருங்கும். இருட்டுக் கூடாரத்தையும் கூடவே சுமக்க வேண்டும். சேற்று வரம்பில் இது நடக்கிற காரியமா? போதாததற்கு, அந்தத் தட்டுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். பச்சைப் பயிர் கறுப்பாக விழும். நீல வானமும் மேகமும் ஒன்றாக வெளுத்துப்போகும். மாரிக்கால வயலின் அழகு பச்சையும் மேகமும் என்றால், இரண்டையும் அந்தத் தட்டு தின்றுவிட்டது. எல்லா நிறத்தையும் உணரும் தட்டுகள் 1906இல்தான் கடைக்கு வந்தன.

ஜூலியா மார்கரெட் கமரூன் 1875இல் இலங்கைக்கு வந்தபோது இந்த ஈரத்தட்டோடுதான் வந்தார். இங்கிலாந்தில் கவிஞர்களையும் அறிஞர்களையும் படமெடுத்த அவர், இங்கே தமிழ்த் தோட்டத் தொழிலாளரை நிறுத்தி எடுத்தார். 1879இல் இங்கேயே காலமானார். அவருடைய இலங்கைப் படங்களில் மிஞ்சியவை சொற்பம். அந்தத் தொழிலாளரின் முகங்கள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை.

கையடக்கக் கமரா வந்த பிறகு லயனல் வெண்ட் வந்தார். 1900இல் பிறந்தவர், சட்டம் படித்த பியானோக் கலைஞர். 1934இல் பேசில் ரைட் இயக்கிய 'சோங் ஒவ் சிலோன்' படத்துக்குப் பின்னணிக் குரல் அவருடையது. 1944இல் மறைந்தார், 'லயனல் வெண்ட்ஸ் சிலோன்' நூல் 1950இல் வெளியானது. மேனியில் விழும் வெயிலையும் அதன் நிழலையும் அவரைப்போல் பார்த்தவர் இலங்கையில் இல்லை. அவரும் வெயிலின் கலைஞர்தான். மழையின் கலைஞர் அல்லர்.

கிழக்குத் தமிழரின் அன்றாடத்தை நெடுங்காலம் தங்கியிருந்து பதிந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே. 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்தவர். வெல்லாவெளிக்குப் பக்கத்து மண்டூர் முருகன் கோயிலை மார்க் விட்டேக்கர் ஆராய்ந்து 1999இல் நூலாக்கினார். கோயிலும் சடங்கும் இப்படி ஆவணமாகின. வயல் பின்தங்கியே நின்றது.

அதிலும் பெரிய இழப்பு சூடு மிதிப்பு. நெற்களமான களவெட்டியில் அறுத்த கதிரின் மேல் மாடுகளைச் சுற்றவிட்டு, பொலிப் பாட்டுப் பாடி, நெல்லைப் பிரிக்க நிலவிலும் நடந்த வேலை அது. பழைய தட்டுக்கும் ஃபிலிமுக்கும் நிலவொளி போதாது. உழவு இயந்திரம் வந்து மாடு போனது. இன்று வெட்டி, அடித்து, தூற்றி ஒரே ஓட்டத்தில் நெல்லைத் தந்துவிடுகிறது இயந்திரம். இருட்டிலும் படமெடுக்கும் கைபேசி எல்லார் சட்டைப்பையிலும் வந்தபோது எடுப்பதற்குச் சூடு மிதிப்பு இல்லை.

எடுத்த படங்களும் எல்லாம் நிலைக்கவில்லை. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைப் புரட்டிய சூறாவளி கூரைகளோடு அல்பங்களையும் கொண்டுபோனது. போரும், 2007இல் படுவான்கரை மக்கள் கூட்டமாக இடம்பெயர்ந்ததும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. அதையும் தாண்டியவற்றை மாரியின் ஈரப்பதம் பூஞ்சணமாக அரிக்கிறது.

எனவே படுவான்கரை வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியில் கிடக்கும் பழைய படத்தை வெளியே எடுங்கள். வயலிலோ வாடியிலோ எடுத்த படமென்றால் பின்புறம் பென்சிலால் ஆண்டு, வட்டையின் பெயர், போகம் மூன்றையும் எழுதுங்கள். அம்மம்மாவுக்கு நினைவிருக்கும்போதே கேட்டுவிடுங்கள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றுக்கு ஒரு பிரதி அனுப்பலாம். மாரியில் எடுத்த படம் ஒன்றாவது கிடைத்தால், அதை முதலில் அனுப்புங்கள்.