பழைய கார் அடிக்கடி ஹீட் ஆகுதா? தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி இதை கவனிங்க!

கடலூரில் இருந்து பண்ருட்டி போகும் சாலையில், நெல்லிக்குப்பத்தைத் தாண்டினால் மேல்பட்டாம்பாக்கம். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போவதும், ரயில்வே கேட்டில் காத்து நிற்பதும் இந்தப் பக்கம் கார் ஓட்டுபவர்களுக்குப் பழகிய விஷயம்தான். இப்படி நிற்கும்போது பழைய கார்களில் டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே ஏறும். உடனே பானெட்டைத் திறந்து ஒரு பாட்டில் தண்ணி ஊத்திவிட்டுக் கிளம்புவது பலரின் வழக்கம்.

ஆனால் தண்ணி ஏன் குறைந்தது என்று பார்க்காமல் ஊத்திக்கொண்டே இருந்தால், சின்ன ஹோஸ் மாற்றுவதில் முடிய வேண்டிய வேலை இன்ஜினையே பிரிக்கும் செலவில் போய் நிற்கும்.

கூலிங் எப்படி நடக்கிறது?

1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800 இன்றும் பல வீடுகளில் ஓடுகிறது. அதுபோன்ற கார்களில், வாட்டர் பம்ப் கூலன்ட்டை இன்ஜினுக்குள் சுற்ற வைக்கும். சூடான கூலன்ட் ரேடியேட்டருக்கு வந்து காற்றில் ஆறும். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வந்த பிறகு ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடும். அதனால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணி கொதிக்காது.

எப்போது சூடாகிறது?

* நிற்கும்போது மட்டும் சூடாகி, ஓடினால் இறங்கினால்: முதல் சந்தேகம் ஃபேன் மீது. முள் நடுவைத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, சுவிட்ச், மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஃபேன் பெல்ட்டில் ஓடும் அம்பாசிடர் போன்ற கார்களில் பெல்ட் தளர்ந்திருக்கலாம்.

* வேகமாக ஓடும்போது சூடானால்: ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். உப்பு அதிகமுள்ள போர் தண்ணியைத் தொடர்ந்து ஊத்தினால் உள்ளே படிவு கட்டும். வெளியே தூசி, பூச்சி அடைத்தாலும் இதே கதைதான்.

* கிளம்பிய சில நிமிடங்களிலேயே சூடானால்: தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் ஆறியே இருப்பது இதன் அடையாளம்.

* தண்ணி குறைந்துகொண்டே வந்தால்: இரவு நிறுத்திய இடத்தில் காலையில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ் கிளிப், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவை பொதுவாகக் கசியும் இடங்கள்.

* கசிவே இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால்: இதுதான் கவலைப்பட வேண்டியது. சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை, இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ போல மாறுவது, ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி வருவது எல்லாம் ஹெட் கேஸ்கட் போனதற்கான அறிகுறிகள். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே நல்லது.

வழியில் ஹீட் ஆனால்?

ஏசியை ஆஃப் செய்து, ஹீட்டர் இருந்தால் முழுசாக ஆன் செய்யுங்கள். அது இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுக்கும். முள் இறங்கவில்லை என்றால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். சிவப்பில் இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். சென்சாரைத் தொடும் அளவுக்குக்கூட கூலன்ட் இல்லாமல் போயிருக்கலாம்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். குறைந்தது அரை மணி நேரமாவது ஆற விட்டு, மேல் ஹோஸ் கைக்குச் சூடில்லாமல் ஆன பிறகே துணி போட்டு மெல்லத் திருக வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணி ஊத்தினால் ஹெட்டில் விரிசல் விழலாம்.

அவசரத்துக்குச் சாதாரணத் தண்ணி ஊத்தினாலும், பிறகு அதை வடித்துவிட்டு, கார் கம்பெனி சொல்லும் கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து நிரப்ப வேண்டும். பல கூலன்ட்டுகள் இனிப்பாக இருந்தாலும் விஷம். வடித்ததைக் குழந்தைகளும் ஆடு மாடுகளும் நெருங்கும் இடத்தில் விட வேண்டாம்.

மெக்கானிக்கிடம் போகும்போது "ஹீட் ஆகுது" என்று மட்டும் சொல்லாமல், எப்போது, எங்கே, எத்தனை நிமிடத்தில் என்று சொல்லுங்கள். தேவையில்லாத பார்ட்ஸ் மாற்றும் செலவு மிச்சமாகும்.