மக்கட்பெயர்ச்சியும் நகரத் திருச்சபையும்: சிக்காகோ நகரம் தரும் படிப்பினை

நகரம் என்பது கட்டடங்களின் தொகுப்பு மட்டுமன்று. வந்து சேரும் மக்களும் விட்டு நீங்கும் மக்களும் அதன் உருவை இடைவிடாது மாற்றி வருகின்றனர். இம்மாற்றம் தானாக நிகழ்வதென்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆயின் வரலாற்றைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால், யார் எங்கே குடியிருக்கலாம் என்பதைச் சட்டமும், கடன் நிறுவனமும், வீட்டுத் தரகரும், சில வேளைகளில் திருச்சபையுமே தீர்மானித்துள்ளதைக் காண்கிறோம். இதற்கு அமெரிக்காவின் சிக்காகோ நகரம் தெளிவான சான்றாகும்.

1910ஆம் ஆண்டில் சிக்காகோவில் வாழ்ந்த கறுப்பின மக்கள் ஏறத்தாழ 44,000 பேர். 1970இல் அவர்கள் தொகை 11 இலட்சத்தை எட்டியது. இவ்வறுபது ஆண்டுகளில் தென் மாநிலங்களினின்று வடக்கும் மேற்கும் நோக்கிப் பெயர்ந்த சுமார் 60 இலட்சம் கறுப்பருள் இவர்களும் அடங்குவர். வாரச் சாகுபடியின் கடன் சுமை, பருத்தியை அழித்த வண்டு, வாக்குரிமை மறுப்பு, கும்பல் கொலைகள் ஆகியவை அவர்களைத் தெற்கினின்று துரத்தின. முதல் உலகப் போரினால் ஐரோப்பியக் குடியேற்றம் தடைப்படவே, வடக்கின் ஆலைகளும் இறைச்சிக் கூடங்களும் அவர்களை அழைத்தன. 1905இல் தொடங்கப்பெற்ற 'சிக்காகோ டிஃபெண்டர்' இதழை இரயில் ஊழியர்கள் தென்னாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்றனர். அவ்விதழ் வடக்கின் செய்தியை மட்டுமன்றி, புறப்படும் துணிவையும் ஊட்டியது எனலாம்.

வந்தவர்கள் விரும்பிய இடத்தில் குடியேற முடிந்ததா? இல்லை. நகரின் தென்புறத்தில் ஒரு குறுகிய நிலப்பட்டைக்குள் அவர்கள் நெருக்கப்பட்டனர். 1919 ஜூலையில், ஏரிக்கரையில் வெள்ளையர் தமக்கென வைத்துக்கொண்ட நீர்ப்பகுதிக்குள் மிதந்து சென்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன், கல்லெறிக்கு ஆளாகி நீரில் மூழ்கி இறந்தான். அதனால் மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அதன் பின்னர், கறுப்பருக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்னும் ஒப்பந்தங்கள் வீட்டுப் பத்திரங்களில் பரவலாக இடம்பெற்றன. 1948இல்தான் உச்ச நீதிமன்றம், இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் செயற்படுத்தலாகாது எனத் தீர்ப்பளித்தது.

சட்டத்தின் ஒரு கதவு இவ்வாறு திறந்தபோது, கடனின் கதவு அடைபட்டே இருந்தது. 1934இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், வெள்ளையர் குடியேறிய புறநகர் வீடுகளுக்குக் கடன் உத்தரவாதம் தாராளமாக அளித்தது. கறுப்பர் வாழும் பகுதிகளையோ ஆபத்தானவை என ஒதுக்கியது. 1956இன் நெடுஞ்சாலைச் சட்டம் புறநகர்ப் பயணத்தை எளிதாக்கியது. அரசின் துணையோடு ஒரு சாரார் வெளியேற, மறு சாரார் உள்ளேயே அடைக்கப்பட்டனர்.

நகரின் மேற்குப் பகுதியிலுள்ள வடக்கு லான்டேலில் இதன் விளைவைக் காணலாம். 1950இல் அங்கு ஏறத்தாழ 87,000 வெள்ளையரும் 13,000 கறுப்பரும் வாழ்ந்தனர். பத்தே ஆண்டுகளில் வெள்ளையர் 11,000க்கும் குறைந்தனர். கறுப்பர் 1,13,000க்கு மேற்பட்டனர். வீட்டு விலை விழப்போகிறது என்னும் அச்சத்தைத் தரகர்கள் பரப்பி, வெள்ளையரிடம் மலிவாக வாங்கினர். அவ்வீடுகளையே, வங்கிக் கடன் மறுக்கப்பட்ட கறுப்பருக்கு மிகுந்த விலையில் தவணை ஒப்பந்தத்தின்பேரில் விற்றனர். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவரிடமே இருந்தது. ஒரு தவணை தவறினாலும் வீடும் அதுவரை கட்டிய பணமும் பறிபோகலாம். இரு சாராரின் நிலையினின்றும் தரகர் ஆதாயம் கண்டனர்.

இப்பெயர்ச்சியில் திருச்சபைகளின் நிலை யாது? தென்புறத்தில், 1890-91இல் யூத ஜெப ஆலயமாகக் கட்டப்பெற்ற ஒரு கட்டடம், 1922இல் பில்கிரிம் பாப்திஸ்து சபைக்கு உரிமையாயிற்று. அங்குப் பாடகர் குழுவை நடத்திய தாமஸ் டார்சி, சுவிசேஷ இசை மரபின் தந்தை எனப் போற்றப்படுகிறார். பெயர்ந்து வந்தோர் தங்கள் பாடலையும் வேண்டுதலையும் நகருக்குக் கொடையாக அளித்தனர். ஆனால் சீர்திருத்தத் திருச்சபைகளைச் சார்ந்த வெள்ளையர் சபைகள் பல, ஆலயத்தை விற்றுவிட்டு அங்கத்தினரைப் பின்தொடர்ந்து புறநகர் சென்றன. சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கிப்சன் வின்டர் 1961இல் வெளியிட்ட நூல், இதனைத் திருச்சபைகளின் புறநகர்ச் சிறையிருப்பு எனவே கண்டித்தது. எல்லை வகுக்கப்பட்ட பங்குகளையுடைய கத்தோலிக்கர் அத்துணை எளிதில் பெயரவில்லை. எனினும், தங்கியிருந்தோர் பலர் புதியவர்களை ஏற்கவுமில்லை. தங்குதல் மட்டுமே அன்பாகிவிடாது என்பதை இது காட்டுகிறது.

1966 ஜனவரியில் மார்ட்டின் லூத்தர் கிங் வடக்கு லான்டேலில் ஒரு வாடகை வீட்டில் குடியேறி, வீட்டுரிமைக்காகப் போராடினார். ஆகஸ்ட் 5ஆம் நாள் மார்க்கெட் பூங்கா அணிவகுப்பில் அவர்மேல் கல் பட்டது. உடன் சென்ற குருக்களும் கன்னியரும் கத்தோலிக்க மக்களாலேயே இகழப்பட்டனர். அவர் கொல்லப்பட்டு ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11இல், வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இன வேற்றுமையைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது.

ஆயினும் பெயர்ச்சி நின்றுவிடவில்லை. 1980இல் ஏறத்தாழ 12 இலட்சமாயிருந்த சிக்காகோவின் கறுப்பின மக்கள் தொகை, 2020இல் 8 இலட்சத்திற்கும் கீழே இறங்கியது. ஆலைகள் மூடப்பட்டமையும், பொதுக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டமையும், நல்ல பள்ளிகளை நாடியமையும் இதற்குரிய காரணங்களுட் சில. இன்று கறுப்பினச் சபைகளும் தங்கள் அங்கத்தினர் புறநகர் செல்லக் காண்கின்றன. நேற்று வெள்ளையர் சபைகள் எதிர்கொண்ட கேள்வி இன்று அவற்றின் கேள்வியாயிற்று.

ஊழியத்திற்கு ஆயத்தப்படுவோர் இவ்வரலாற்றினின்று ஒன்றை உணர்தல் நலம். சபை என்பது அங்கத்தினர் பட்டியலா, ஆலயத்தைச் சூழ்ந்துள்ள தெருவா? பட்டியலை மட்டும் நோக்கும் ஆயர், அங்கத்தினர் போகும் இடமெல்லாம் போவார். ஆலயத்து வாசலில் புதிதாய்க் குடிவந்தவரை அறியார். நம் நாட்டு நகரங்களிலும் பழைய சபையார் புறநகரினின்று ஞாயிறுதோறும் வந்து ஆராதித்துத் திரும்புகின்றனர். ஆலயத்தைச் சுற்றி வேறு மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் யார், எங்கிருந்து வந்தனர், எவற்றால் வரவேண்டியதாயிற்று, எத்தகைய நிபந்தனைகளின்பேரில் அங்குத் தங்கியிருக்கின்றனர் என்னும் வினாக்களை எழுப்பாமல் நாம் நகர ஊழியத்தைப்பற்றிப் பேசுதல் பொருளற்றதாகும்.