கைக்கு வந்த ஞானம்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் ஆம்பூர்ப் பக்கத்துக் கோயில்களில் ஒரு ஜெபம் தவறாது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளை ஆராதனை முடிவில் முன்னால் கூப்பிடுவார்கள். ஐயர் கை நீட்டி, "ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளுக்கு ஞானத்தைத் தாரும்" என்பார். ஷூ கம்பெனியில் வாரமெல்லாம் தோல் தைத்துவிட்டு வந்து நிற்கும் தாய்மார்களுக்கு அந்த நேரத்தில் ஞானம் என்றால் மார்க். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்தச் சொல் இங்கே வந்து சேர்ந்த வழி நீளமானது.

ஞானம் வடசொல். அறிதலைக் குறிக்கும் 'ஜ்ஞா' அதன் வேர்; கிரேக்கத்தின் 'க்னோசிஸ்' அதே கொடியில் காய்த்ததுதான். தமிழ்ச் சைவம் அதைச் சரியை, கிரியை, யோகம் மூன்றுக்கும் மேலே நாலாம் படியில் உட்கார வைத்தது. ஞானி என்றதும் கண் மூடி அமர்ந்தவர் நம் நினைவில் வருவது அதனால்தான். உளியோ ஊசியோ பிடித்தவர் வருவதில்லை.

17ஆம் நூற்றாண்டில் மதுரையில் இருந்த இயேசு சபைப் பாதிரியார், தத்துவபோதகர் ராபர்ட் தெ நொபிலி, தம் மறைக்கல்வி நூலை ஞானோபதேசம் என்றார். ஞானஸ்நானம், ஞானத்தகப்பன், லுத்தரன் சபையாரின் ஞானப்பாட்டு என்று ஒரு குடும்பமே தமிழில் வளர்ந்தது. இந்தச் சொற்களில் 'ஞான' என்பதற்கு அறிவு என்று பொருளில்லை. 'ஆவிக்குரிய' என்பதற்கான அடைமொழி, அவ்வளவே. (ஞானத்தகப்பன் விவரமானவராக இருந்தாக வேண்டும் என்று எந்தச் சபையும் கேட்டதில்லை.) தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் நோவாவின் பேழைக் கதையை ஞானத்தச்ச நாடகம் ஆக்கினார். இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்த உறுப்பினன் அந்தத் தச்சன். தெரிந்தோ தெரியாமலோ, மூலச் சொல்லுக்கு மிக அருகில் போய் நிற்கிறான்.

வேதாகமத்தில் அந்த மூலச் சொல் எபிரெயத்தின் 'ஹொக்மா'. ஆசரிப்புக் கூடாரம் செய்யும் பெசலெயேலுக்குக் கடவுளின் ஆவி கொடுப்பது ஹொக்மா. அவன் பொன்னையும் மரத்தையும் செதுக்குகிறவன். நூல் நூற்கும் பெண்களுக்கும் அதே சொல். தமிழ் வேதாகமம் இரண்டு இடத்திலும் தயங்காமல் ஞானம் என்றே போட்டிருக்கிறது. அந்தக் கூடாரத்தின் மேல்மூடிகளில் ஒன்று, சிவப்பேற்றிய ஆட்டுக்கடாத் தோல். ஆக, தோலுக்கு நிறம் ஏற்றத் தெரிந்த கையும் ஞானத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் அந்தக் கையறிவுக்குப் பெயர் பதம். பதனிடுதல் என்ற தொழிற்பெயரே அதைச் சுற்றித்தான் நிற்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஆண்ட காலத்தில், சாறு உள்வரை இறங்கிவிட்டதா என்று தோலின் ஓரத்தைச் சீவி, வெட்டுவாயின் நிறத்தைப் பார்ப்பார்கள். நடுவில் வெளுத்த கோடு தெரிந்தால் தோல் இன்னும் பச்சை. பிறகு குரோமியம் வந்தது, வேகம் வந்தது, கழிவு பாலாற்றுக்குப் போனது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. தோலுக்குப் பதம் பார்த்த கண், கிணற்றுத் தண்ணீருக்குப் பார்க்கவில்லை. பெசலெயேலின் ஞானம் மட்டும் போதாத இடம் அது; சாலொமோன் கேட்டது அங்கேதான் வேண்டியிருந்தது.

கிபியோனில் சாலொமோன் கனவில் கேட்ட வரத்தை எபிரெயத்தில் சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'கேட்கிற இருதயம்'. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது 'ஞானமுள்ள இருதயம்' ஆயிற்று. பொருள் பிழையில்லை, ஆனாலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. வரம் கேட்பதற்கும் காது கொடுத்துக் கேட்பதற்கும் ஒரே வினையை வைத்திருக்கிற மொழி தமிழ். 'கேள்வி' என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்த மொழி. யாக்கோபின் நிருபம் ஞானம் குறைந்தவனைக் கடவுளிடம் கேட்கச் சொல்லும்போது, தமிழ்க் காதில் இரண்டும் சேர்ந்தே விழ வேண்டும்.

அமெரிக்க மிஷனரி குடும்பத்தில் ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கட்டருக்கு இரண்டும் ஒரே இரவில் நடந்தன. அமெரிக்கா திரும்பிவிடுவதே அவர் எண்ணம். திண்டிவனத்தில் அன்றிரவு பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், வேறொரு இந்து என மூவர் அடுத்தடுத்து வந்து, பேறுகாலத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க அவரைக் கூப்பிட்டார்கள். அவர் மருத்துவர் இல்லை. மருத்துவரான அப்பாவை அனுப்பலாம் என்றால், ஆண் வரக்கூடாது என்றார்கள். தூங்காமல் ஜெபித்துக் கிடந்தவர் காதில் விடியலில் விழுந்தது சாவுப் பறை. விசாரிக்க ஆளனுப்பினார். மூன்று பெண்களும் போய்விட்டிருந்தார்கள். பெற்றோரிடம் போய், மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றார். 1899இல் பட்டம் வாங்கி, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டில் போட்டு வைத்தியம் தொடங்கினார்.