தோட்டத்து வீடும் துப்பாக்கி உரிமமும்

2024 நவம்பர் இறுதியில், பல்லடம் பகுதியைச் சேர்ந்த சேமலைகவுண்டன்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் வாழ்ந்த தந்தை, தாய், மகன் மூவரும் ஒரே இரவில் கொல்லப்பட்டனர். 2025 மே மாதத் தொடக்கத்தில், ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே இதே போன்ற வீட்டில் முதிய தம்பதி கொலையுண்டது தெரியவந்தது. பிள்ளைகள் பனியன் கம்பெனிகளுக்கும் வெளியூர்களுக்கும் பிழைக்கப் போய்விட, பெரியவர்கள் மட்டும் காட்டுக்குள் தனித்திருப்பது கொங்கு நாட்டில் இன்று வழக்கமாகிவிட்டது. அவர்கள் துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன என்னும் கேள்வியை அச்சத்தின் மிகை என்று ஒதுக்குவது நியாயமன்று.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்க வைத்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அந்த அவமானத்துக்கு எதிர்வினையாகவே, 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அரசியல் நிர்ணய சபையில் அதையே திருத்தமாக முன்வைத்தார். பொது அமைதியை முன்னிறுத்தி அம்பேத்கர் மறுத்தார், திருத்தம் தோற்றது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி, காவல்துறை அறிக்கையைப் பெற்ற பின்னரே உரிமம் பற்றி முடிவு செய்யப்படுகிறது. ஒருவர் 3 துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019 திருத்தம் 2 ஆகக் குறைத்தது. குடகில் மட்டும் கொடவருக்கும் ஜம்மா என்னும் பரம்பரை நிலவுரிமை கொண்டோருக்கும் பிரிட்டிஷ் காலத்து உரிம விலக்கு இன்றும் தொடர்கிறது.

அமெரிக்கா வேறு வழியில் போயிற்று. 1791ஆம் ஆண்டின் இரண்டாம் திருத்தம் தனிமனித உரிமையையே குறிக்கிறது என்று 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றத்தின் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு இங்கே அதிகம் பேசப்படுவதில்லை. பிரிந்து வாழ்ந்த கணவனுக்கு எதிராகத் தடையாணை பெற்றிருந்த கொலராடோ மாநிலத் தாய் ஒருவர், அவன் பிள்ளைகளைக் கொண்டுபோனதும் காவல்துறையைத் திரும்பத் திரும்ப அழைத்தார். 3 மகள்களையும் அவன் துப்பாக்கியால் கொன்றான். காவல்துறை அந்த ஆணையைச் செயல்படுத்தியே தீர வேண்டும் என்று கோர அரசியல் சட்டப்படி அவருக்கு உரிமையில்லை என்றது நீதிமன்றம். துப்பாக்கியை உரிமையாக்கிய நாடு, பாதுகாப்பை அப்படி ஆக்கவில்லை.

நாம் இதற்கு நேர்மாறான ஏற்பாட்டைத் தேர்ந்தோம். அதுவே சரி என்பது என் முடிபு. தனி வீட்டை நோட்டமிட்டு, ஆளரவமற்ற நேரத்தில் நுழைபவனுக்கு முன்னால், எழுபது வயதுக்காரர் பூட்டிய பெட்டியிலிருந்து துப்பாக்கியை எடுக்க நேரமிராது. நகையோடு துப்பாக்கியும் களவு போகும். வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் மலிந்த மண்ணில் அது யார் மீது முதலில் திரும்பும் என்பதையும் எண்ண வேண்டும்.

ஆனால் குடிமகனின் கையிலிருந்து ஆயுதத்தை விலக்கிய அரசு, அவன் உயிருக்குத் தானே பொறுப்பேற்றுவிட்டது. அரசியல் சட்டத்தின் பிரிவு 21 உறுதியளிக்கும் உயிர் வாழும் உரிமை தோட்டத்து வீட்டுக்கும் உரியதுதான். ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லைக்குட்பட்ட தனி வீடுகளைப் பட்டியலிட வேண்டும்; எந்த இரவு எந்தத் தோட்டத்துக்கு ரோந்து சென்றது என்ற பதிவேட்டைக் கிராம சபையில் வைக்க வேண்டும். உரிமம் மறுக்கும் ஆணையில் காரணத்தோடு இந்த ரோந்து ஏற்பாட்டையும் அரசு எழுதித் தரட்டும்.