உடம்பில் இரும்பு உண்டா?

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தவர்களுக்கு அந்தத் தாள் தெரியும். பேஸ்மேக்கர் உண்டா, பிளேட், ஸ்குரு வைத்திருக்கிறார்களா, கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் தெறித்ததா, கர்ப்பமா என்று வரிசையாகக் கேட்டுக் கீழே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ ஸ்கேனுக்குக் கிளம்பும் கூத்தாநல்லூர்க்காரர் கையிலும் அதே கேள்விகள்தான். பல ஊர்களில் அவை இப்போது டேப்லெட் திரைக்கு மாறிவருகின்றன. அவற்றில் சில, யாரோ ஒருவர் கண்ணையோ உயிரையோ விலையாகக் கொடுத்ததால் வந்தவை.

வேடிக்கை என்னவென்றால், காந்தம் முதலில் வைத்தியனாகத்தான் வந்தது. உடம்பில் தைத்த இரும்பு அம்புமுனையைக் காந்தக்கல்லால் எடுக்கும் முறையைச் சுசுருத சங்கிதை சொல்கிறது. 1624இல், பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் ஃபேப்ரி, நோயாளி ஒருவரின் கண்ணிலிருந்த உலோகத் துணுக்கைக் காந்தக்கல்லால் எடுக்கலாம் என்ற யோசனை தன் மனைவி மாரி கோலினேயுடையது என்று எழுதிவைத்தார். 1879இல் பெர்லினின் ஹிர்ஷ்பெர்க் அதே வேலைக்கு மின்காந்தத்தைக் கையிலெடுத்தார்.

அடுத்த திருப்பத்தில் நம் பக்கத்துக்கும் பங்குண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். சென்னை மாகாணத்தின் குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் தொலைநோக்கியோடு காத்திருந்தவர்களின் அவதானிப்புகளில்தான் ஹீலியத்தின் முதல் தடயம் கிடைத்தது. 1908இல் லைடனில் அதைத் திரவமாக்கினார்கள். அந்தக் குளிரில் 1911இல் மீகடத்தி கண்டுபிடிக்கப்பட்டது. அப்படி மின்தடையே இல்லாத கம்பிச்சுருளால் ஆன எம்.ஆர்.ஐ. காந்தம் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கிறது. பூமியின் காந்தப்புலத்தைப்போல சுமார் 30,000 மடங்கு வலிமை. ஸ்கேன் ஓடாத நேரத்திலும், நள்ளிரவிலும், அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

1980இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஒரு நோயாளிக்கு முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஆறே ஆண்டில், 1986இல், ஒரு மருத்துவ இதழில் வேறொரு செய்தி வந்தது: உலோகத் தகட்டு வேலை பார்த்த ஒருவரின் கண்ணுக்குள் தங்கியிருந்த துணுக்கு ஸ்கேனின்போது நகர்ந்து, அந்தக் கண்ணின் பார்வையே போய்விட்டது. ஒரு காலத்தில் கண்ணைக் காப்பாற்றிய அதே காந்தம்! 1992இல் அமெரிக்காவில், மூளை ரத்தக்குழாயில் போட்டிருந்த கிளிப் அசைந்து ஒரு மூதாட்டி இறந்தார். எந்த வகைக் கிளிப் என்பதில் குழப்பம். கேள்விகள் இப்படித்தான் கூடின.

பிறகு நகல்கள். பிராங்க் ஷெல்லாக் என்ற அமெரிக்க ஆய்வாளரின் படிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதையும் அதைப்போன்றவற்றையும் பல நாட்டு மருத்துவமனைகள் பார்த்தெழுதிக்கொண்டன. துப்பாக்கிக் குண்டு, வெடிச்சில்லு பற்றிய கேள்விகள் எல்லாம் நம் ஊருக்கும் வந்துவிட்டன. தாலிச் சரட்டில் மாட்டிய ஊக்கு, கொண்டை ஊசி, தாயத்து, ஹிஜாபுக்குக் குத்தும் பின், அதிலும் இப்போது விற்கும் காந்தப் பின் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டாமா? தங்கத்தைக் காந்தம் இழுக்காது. எஃகு ஊக்கை விடாது. வளைகுடாவில் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நிறைந்த டெல்டாவுக்கு, அந்தக் கண் கேள்வியை விடப் பொருத்தமானது வேறில்லை. 'ஆம்' என்றால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

திரைக்கு மாறுவதை நான் மனமார வரவேற்கிறேன். கேள்வியைத் தாண்டிப் போகவிடாது. 'ஆம்' என்றதும் டெக்னீஷியனுக்குத் தெரிந்துவிடும். துபாயில் வைத்த இம்பிளான்டின் அட்டையைப் படமெடுத்துச் சேர்த்துவைக்கலாம். 2021இல் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க ஆபா (சுகாதாரக் கணக்கு) எண்ணோடு அது இணைந்தால், கிளிப் குழப்பம் போன்றவை குறையும். ஆனால் பேரன் அவசரமாகத் தட்டிவிடும் 'இல்லை'க்கு மதிப்பில்லை. பாட்டியின் காதில் விழும்படி, அவள் பேசும் தமிழில், திரை கேட்கவேண்டும்.

இன்னொரு ஓட்டை பெரியது. 2001இல் நியூயார்க் அருகே ஆறு வயதுச் சிறுவன் இறந்தது, அறைக்குள் வேறொருவர் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் பாய்ந்ததால். 2018 ஜனவரி 27 அன்று மும்பை நாயர் மருத்துவமனையில் இறந்தவர் நோயாளியே அல்ல. உறவினருக்காக சிலிண்டரைத் தூக்கிச் சென்றவர். படிவம் நோயாளியைக் கேட்கிறது. நம்மில் யார் தனியாக ஸ்கேனுக்குப் போகிறோம்? புதிய மென்பொருளை எழுதுகிறவர்கள் துணைக்கு வருபவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும். அதுவரை, துணைக்குப் போகும் நீங்களே அந்தக் கேள்விகளை உங்களுக்கும் கேட்கச் சொல்லுங்கள்.