ஒரே சிப், இரண்டு விலை: டெஸ்க்டாப் ப்ராசசரும் சர்வர் ப்ராசசரும்

கேம் விளையாடவோ, வீடியோ எடிட்டிங் மாதிரி கனமான வேலைகளுக்கோ நல்ல கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் கண்டிப்பாக வரும். பெரிய கம்பெனிகளின் சர்வர்களில் ஓடும் ப்ராசசரையே வாங்கிப் போட்டால் என்ன? விலை பல மடங்கு அதிகம் என்றால் வேகமும் பல மடங்கு இருக்க வேண்டுமே?

இருக்காது! பெரும்பாலான கேம்களில் விலை உயர்ந்த சர்வர் ப்ராசசர், அதில் பாதி விலைகூட இல்லாத டெஸ்க்டாப் ப்ராசசரிடம் தோற்றுப்போகும். இதைவிட வேடிக்கை, பல சமயங்களில் இரண்டும் ஒரே சிப்தான். பெயரும் விலையும் மட்டும்தான் வேறு. இந்தக் கதை புரிய எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் தெரிந்தால் போதும், வியாபாரக் கணக்குதான் அதிகம் தெரிய வேண்டும்.

கூரை இல்லாத ரயில் பெட்டி

முதலில் கம்ப்யூட்டரே இல்லாத ஒரு காலத்துக்குப் போவோம். பிரான்ஸில் ஜூல் துபுயி என்று ஒரு இன்ஜினியர் இருந்தார். பொருளாதாரமும் எழுதியவர். அந்தக் காலத்து ரயில்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை கிடையாது. மழை, வெயில் எல்லாம் தலைமேல்தான். கூரை போட ஆகும் செலவு ரயில் கம்பெனிக்கு ஒரு பொருட்டே இல்லை. பிறகு ஏன் போடவில்லை? 1849-இல் துபுயி இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ஏழைகளைக் கஷ்டப்படுத்துவது கம்பெனியின் நோக்கம் இல்லை. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக் கூடியவர்கள் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்!

காமர்ஸ் பாடத்தில் இதற்குப் பெயர் விலைப் பாகுபாடு. யாரால் எவ்வளவு கொடுக்க முடியுமோ அவரிடம் அவ்வளவு வாங்குவது. ஆனால் காசுள்ளவர் மலிவான பொருளைத் தேடி வராமல் இருக்க வேண்டுமென்றால், மலிவான பொருளில் வேண்டுமென்றே ஏதாவது ஒரு குறை வைக்க வேண்டும்.

இன்டெல் 1991-இல் அதைத்தான் செய்தது. 1989-இல் வந்த 486டிஎக்ஸ் சிப்பில், தசமக் கணக்குகளை வேகமாகப் போடும் கோ-ப்ராசசர் உள்ளேயே இருந்தது. 1991-இல் அதன் மலிவான தம்பியாக 486எஸ்எக்ஸ் வந்தது. அது வேறு ஒன்றுமில்லை, கோ-ப்ராசசரை முடக்கிய அதே 486டிஎக்ஸ். டிஎக்ஸ் விலை 588 டாலர், எஸ்எக்ஸ் விலை 333 டாலர். முடக்குவது கூடுதல் வேலை, ஆனால் விலை குறைவு! பிறகு கோ-ப்ராசசர் தேவைப்பட்டால் 487எஸ்எக்ஸ் என்று ஒன்றைத் தனியாக வாங்கலாம். அதுவும் கிட்டத்தட்ட முழு 486டிஎக்ஸ்தான். அதைச் சொருகியதும் பழைய சிப் வேலையை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்.

குடும்பம் பிரிந்த கதை

டெஸ்க்டாப், சர்வர் என்று இன்டெல் குடும்பம் இரண்டாகப் பிரியத் தொடங்கியது 1995 நவம்பரில் பென்டியம் ப்ரோ வந்தபோது. இதில் கேஷ் மெமரி ப்ராசசருடன் ஒரே பேக்கேஜில், ப்ராசசரின் முழு வேகத்தில் ஓடியது. தயாரிப்பது ரொம்பச் செலவு. இரண்டையும் சேர்த்து ஒட்டிய பிறகுதான் முழுதாகச் சோதிக்க முடியும், கேஷில் கோளாறு என்றால் மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

விண்டோஸ் என்.டி. மாதிரி 32-பிட் மென்பொருளில் அது பறந்தது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்துக்காக ஆயிரக்கணக்கான பென்டியம் ப்ரோக்களைச் சேர்த்துக் கட்டிய ஆஸ்கி ரெட், 1996 டிசம்பரில் ஒரு டெராஃப்ளாப்பைத் தாண்டிய முதல் கம்ப்யூட்டர் ஆனது. ஆனால் அதே சிப்பில் அன்றைய 16-பிட் டாஸ் கேம்களையும், பாதி 16-பிட்டாகவே இருந்த விண்டோஸ் 95-ஐயும் ஓட்டினால் விலைக்கேற்ற வேகம் இல்லை. ஆரம்பத்திலேயே பாடம் தெளிவு. 'எது பெரிய சிப்' என்று கேட்பதைவிட 'எந்த வேலைக்கு' என்று கேட்க வேண்டும்.

1998-இல் பிரிவு முழுமையானது. ஏப்ரலில் ஏழைகளுக்குச் செலரான், ஜூனில் சர்வர்களுக்குப் பென்டியம் 2 ஜியான், நடுவில் சாதாரண பென்டியம் 2. முதல் செலரானில் இரண்டாம் நிலை கேஷே கிடையாது. கூரை இல்லாத பெட்டி! எல்லோரும் கேலி செய்தார்கள். உடனே ஆகஸ்டில் 128 கிலோபைட் கேஷோடு செலரான் 300ஏ வந்தது. இங்கேதான் இன்டெல்லின் கணக்கு தவறியது.

300ஏ-வின் கேஷ் சிறியது, ஆனால் ப்ராசசரின் முழு வேகத்தில் ஓடும். பென்டியம் 2-இன் கேஷ் பெரியது, ஆனால் பாதி வேகம்தான். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், நிறைய 300ஏ சிப்கள் எந்தத் தகராறும் இல்லாமல் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடின. 149 டாலர் சிப், அன்றைக்கே வெளியான 669 டாலர் பென்டியம் 2 450-க்குக் கேம்களில் ஈடுகொடுத்தது. ஓவர்கிளாக்கிங் என்ற பழக்கம் கல்லூரி விடுதிகள் வரை பரவியதற்கு இந்த ஒரு சிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

1999-இல் அபிட் கம்பெனி பிபி6 என்ற மதர்போர்டைக் கொண்டுவந்தது. அதில் இரண்டு செலரான்களைப் போடலாம். இரட்டை ப்ராசசர் என்பது அதிக விலை கொடுப்பவர்களுக்கு மட்டும் என்று இன்டெல் வைத்திருந்த வசதி. ஆனால் விண்டோஸ் 98 இரண்டாவது ப்ராசசரைக் கண்டுகொள்ளவே கொள்ளாது, என்.டி.யோ லினக்ஸோ வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த குவேக் 3 அரீனா கேமில் இரண்டு ப்ராசசரையும் பயன்படுத்த ஒரு அமைப்பு இருந்தது. அது ஒரு விதிவிலக்கு. மற்ற கேம்களில் இரண்டாவது செலரான் வெறும் அழகுக்குத்தான்.

சர்வர் சிப்பே கேமுக்கு வந்தது

2003 இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ரகசியத்தைப் போட்டு உடைத்த ஆண்டு. ஏப்ரலில் ஏ.எம்.டி. ஆப்டெரான் என்ற 64-பிட் சர்வர் ப்ராசசரை வெளியிட்டது. செப்டம்பரில் கேமர்களுக்காக ஆத்லான் 64 எஃப்எக்ஸ்-51 வந்தது, விலை 733 டாலர். பெயர்தான் புதிது. உள்ளே இருப்பது ஆப்டெரான், அதே 940 பின் சாக்கெட். சர்வருக்கான ரெஜிஸ்டர்டு ராம்தான் போட வேண்டும் என்பதால் அந்தச் செலவு வேறு.

இன்டெல் சும்மா இருக்குமா? நவம்பரில் பென்டியம் 4 எக்ஸ்ட்ரீம் எடிஷன் வந்தது, 925 டாலர். அது பெரிய சர்வர்களுக்கான ஜியானை 2 மெகாபைட் மூன்றாம் நிலை கேஷோடு அப்படியே எடுத்து டெஸ்க்டாப் சாக்கெட்டில் பொருத்தியது. அவசரத்தில் கொண்டுவந்ததால் அதை 'எமர்ஜென்சி எடிஷன்' என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு.

2005-இல் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. டெஸ்க்டாப்பின் 939 சாக்கெட்டில் போடும்படி ஆப்டெரான்கள் வந்தன. 1.8 கிகாஹெர்ட்ஸ் ஆப்டெரான் 165-ஐ வாங்கி, ஓவர்கிளாக் செய்து, விலை உயர்ந்த எஃப்எக்ஸ் வேகத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஏராளம். முன்பு சர்வர் சிப் அதிக விலைக்குக் கேமரிடம் வந்தது. இப்போது கேமரே குறைந்த விலைக்குச் சர்வர் சிப்பைத் தேடிப் போனார்!

2011-இல் இன்டெல் பக்கமும் இதே கதை. கோர் ஐ7-2600 விலை 294 டாலர். அதே குடும்பத்து ஜியான் இ3-1230-இல் அதே 4 கோர், 8 த்ரெட். வேகம் 200 மெகாஹெர்ட்ஸ் குறைவு, உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, ஆனால் 215 டாலர்தான். தனி கிராபிக்ஸ் கார்டு போடும் கேமருக்கு உள் கிராபிக்ஸ் எதற்கு? சாதாரண மதர்போர்டிலேயே வேலை செய்தது. அடுத்தடுத்த இ3 ஜியான்களும் இதனாலேயே பிரபலம் ஆயின. 2015-இல் இன்டெல் கதவைச் சாத்தியது. அந்த ஆண்டு வந்த இ3 ஐந்தாம் வரிசைக்குத் தனிச் சிப்செட் உள்ள மதர்போர்டு கட்டாயம் என்றாகிவிட்டது.

அதே சமயத்தில் இன்னொரு ஜன்னல் திறந்தது. பெரிய டேட்டா சென்டர்கள் பழைய சர்வர்களைக் கழித்துக்கட்டியபோது, 2012-இல் 1,500 டாலருக்கு மேல் விற்ற 8 கோர் ஜியான் இ5-2670 எல்லாம் நூறு டாலருக்கும் கீழே செகண்ட் ஹேண்டில் கிடைத்தன. அவற்றைப் பொருத்தச் சீனக் கம்பெனிகள் மலிவான மதர்போர்டுகளையும் தயாரித்தன. குறைந்த பட்ஜெட்டில் அனிமேஷன் ரெண்டரிங் செய்தவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம்.

லாரியும் பைக்கும்

சரி, 8 கோர், 16 கோர் சர்வர் சிப் ஏன் கேமில் தோற்கிறது? ஒரு லாரி பத்து டன் ஏற்றும். ஆனால் ஒரே ஒரு கடிதத்தை அவசரமாகக் கொண்டுபோக வேண்டுமென்றால் பைக்தான் முந்தும். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சுமார் 16.7 மில்லி செகண்ட்தான் நேரம். அதற்குள் நடக்க வேண்டிய வேலைகளில் பல ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும். அதனால் ஒரு கோர் எவ்வளவு வேகம், மெமரியிலிருந்து தகவல் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதுதான் முக்கியம். சர்வர் சிப்பிலோ மின்சாரமும் சூடும் நிறைய கோர்களுக்குப் பங்கு போட வேண்டும். அதனால் ஒவ்வொரு கோரின் வேகமும் குறைவு.

ஒரு வேலையில் பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுதான் மொத்த வேகத்துக்கு எல்லை என்று 1967-இலேயே ஜீன் ஆம்டால் சொல்லிவிட்டார். 3டி ரெண்டரிங்கில் படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லாக் கோருக்கும் கொடுக்கலாம். அங்கே லாரிதான் ஜெயிக்கும். 2017-இல் வந்த 10 கோர் ஐ9-7900எக்ஸ், சர்வர் சிப்பின் உள் அமைப்போடு வந்தது. ரெண்டரிங்கில் அடித்து நொறுக்கியது. பல கேம்களில் 4 கோர் ஐ7-7700கே-விடம் பின்தங்கியது.

அதே 2017-இல் ஏ.எம்.டி. சுவரையே மாற்றிக் கட்டியது. 8 கோர் உள்ள ஒரே ஒரு சிப்பை வடிவமைத்தது. ஒன்று போட்டால் ரைசன். அதே மாதிரி நான்கு சேர்த்தால் 32 கோர் எபிக் சர்வர் ப்ராசசர். நடுவில் 16 கோர் த்ரெட்ரிப்பர். இன்டெல்லின் 8 கோர் ஐ7-6900கே 1,000 டாலரைத் தாண்டியிருந்தபோது, 8 கோர் ரைசன் 1800எக்ஸ் 499 டாலருக்கு வந்தது.

ஏ.எம்.டி. ஏழைப் பங்காளன் என்று நினைத்துவிட வேண்டாம். தன் கை ஓங்கியதும் 2022-இல் த்ரெட்ரிப்பர் 5000 வரிசையை விலை உயர்ந்த ப்ரோ வகையாக மட்டுமே வெளியிட்டது. சாதாரண த்ரெட்ரிப்பர் திரும்பி வர 2023 நவம்பர் ஆனது. சுவர் யாருக்கு லாபமோ அவர்தான் கட்டுவார்.

உண்மையான கூரை எது?

இன்டெல் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. புதிய சிப் ஒன்றை வடிவமைத்து, ஃபேக்டரி கட்டுவதற்குத்தான் கோடி கோடியாகச் செலவு. அதன்பிறகு ஒரு சிப்பை அச்சடிக்க ஆகும் செலவு குறைவு. சர்வர் வாங்குபவர் அதிகம் கொடுப்பதால்தான் மாணவனுக்கு மலிவான செலரான் கிடைத்தது. எல்லாருக்கும் ஒரே விலை என்றால் அது செலரான் விலையாக இருந்திருக்காது. கோர் எண்ணிக்கையில், கேஷில் வித்தியாசம் வைப்பதைப் பெரிய குற்றம் என்று சொல்ல முடியாது. உற்பத்தியில் பழுதான கோரை முடக்கிக் குறைந்த விலைக்கு விற்பதும் வீணாவதைத் தடுக்கத்தான்.

ஆனால் ஒரு விஷயம் அப்படி இல்லை. அது இ.சி.சி. மெமரி. ராமில் 0 என்று இருந்தது தானாக 1 என்று மாறிவிடுவது உண்டு. அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் கணித முறையை 1950-இலேயே பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹேமிங் வெளியிட்டார். டி.டி.ஆர்.4 வரை இதற்குத் தேவைப்பட்டது 8 மெமரி சிப் இருக்கும் இடத்தில் 9, அவ்வளவுதான். இது தேவையே இல்லாத ஆடம்பரமா? கூகுள் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான கட்டுரை, ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட மெமரி கார்டுகளில் பிழை வந்ததாகச் சொன்னது.

இருந்தும் பல ஆண்டுகள் இன்டெல் தன் கோர் ஐ5, ஐ7 ப்ராசசர்களில் இதை அனுமதிக்கவில்லை. வேண்டுமென்றால் ஜியான் வாங்க வேண்டும். ஏ.எம்.டி. தன் ரைசன்களில் பெரும்பாலும் இதை முடக்காமல் விட்டது. லினக்ஸ் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் இன்டெல்லின் இந்தக் கொள்கையைக் கடுமையாகச் சாடினார். 2022-இல்தான் டபிள்யூ680 சிப்செட் உள்ள மதர்போர்டு வாங்கினால் பல 12-ஆம் தலைமுறை கோர் ப்ராசசர்களிலும் இ.சி.சி. போடலாம் என்ற நிலை வந்தது.

கேமில் ஒரு பிட் மாறினால் ஏதோ ஒரு புள்ளி நிறம் மாறும், மிஞ்சிப் போனால் கேம் நின்றுவிடும். கம்பெனிக் கணக்கிலோ, ஆராய்ச்சி முடிவிலோ, பல வருடமாகச் சேர்த்த குடும்பப் புகைப்படத்திலோ ஒரு பிட் மாறினால் அது தெரியக்கூடத் தெரியாது. பேக்கப்பிலும் தவறாகவே போய்ச் சேரும். துபுயி சொன்ன கூரை இதுதான். செலவு சொற்பம், இல்லாததால் வரும் நஷ்டம் பெரிது.

ஆகவே கேம் மட்டும்தான் என்றால் குறைந்த கோர், அதிக வேகம், பெரிய கேஷ் உள்ள டெஸ்க்டாப் ப்ராசசரே போதும். 2022 ஏப்ரலில் வந்த 8 கோர் ரைசன் 5800எக்ஸ்3டி, 96 மெகாபைட் கேஷை வைத்துக்கொண்டே தன்னைவிட விலை அதிகமான பல ப்ராசசர்களைக் கேம்களில் முந்தியது. ரெண்டரிங், பெரிய மென்பொருள்களைக் கம்பைல் செய்வது, நிறைய ராம் என்றால் த்ரெட்ரிப்பர், ஜியான் பக்கம் போகலாம். வேலையில் ஒரு எண் தப்பினாலும் வம்பு என்றால், எந்தப் பெயர் எழுதிய ப்ராசசராக இருந்தாலும் சரி, ப்ராசசரும் மதர்போர்டும் இரண்டுமே இ.சி.சி.யை ஏற்குமா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுப்பது நல்லது.