நுரையீரல் முடிச்சுகளைக் கணினிவழிக் கண்டறிதல்

நுரையீரலில் 3 சென்டிமீட்டருக்கு மிகாமல், ஏறக்குறைய வட்டமாகத் தெரியும் புள்ளியை முடிச்சு என்பார்கள். பெரும்பாலானவை தீங்கற்றவை, பழைய தொற்றின் தழும்புகள் போன்றவை. சில மட்டும் புற்றுநோயின் தொடக்கம். ஸ்கேன் படங்களில் இவற்றைத் தேடி மருத்துவருக்குக் காட்டும் மென்பொருளின் வேர்கள் 1960களில் உள்ளன.

அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகத்தின் கதிரியல் மருத்துவர் க்விலிம் லாட்விக், நுரையீரல் புற்றின் எக்ஸ்ரே தோற்றங்களை எண்களாகக் குறிக்கும் முறையை 1963இல் வெளியிட்டார். படத்தைப் பார்த்தவர் மருத்துவர். கணக்கிட்டது மட்டுமே கணினி. படத்தையும் கணினியே தேடும் முயற்சி 1980களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் குனியோ டோய், மேரியெலன் கைகர் முதலானோரால் வலுப்பெற்றது. கணினி இரண்டாவது கருத்துச் சொல்லட்டும், முடிவு மருத்துவருடையதாக இருக்கட்டும் என்பது டோயின் நிலைப்பாடு.

குறைந்த கதிர்வீச்சு சி.டி., எக்ஸ்ரேயில் சிக்காத முடிச்சுகளையும் காட்டுகிறது என்று நியூயார்க்கில் கிளாடியா ஹென்ஷ்கே குழுவினர் 1999இல் அறிவித்தனர். ஆனால் ஒருவருக்கே நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்கள். குறுக்கே வெட்டுப்பட்ட ரத்தக்குழாயும் முடிச்சைப் போலவே வட்டமாகத் தெரியும். அடுத்தடுத்த படங்களிலும் தொடர்ந்தால்தான் அது குழாய். நெஞ்சுச் சுவரை ஒட்டிய முடிச்சு இன்னும் சிக்கலானது. காற்று நிறைந்த கறுப்புப் பகுதியை மட்டும் மென்பொருள் பிரித்தெடுக்கும்போது, வெண்மையான அம்முடிச்சு சுவரோடு சேர்ந்து விலக்கப்பட்டு, ஓரத்தில் ஒரு பள்ளம் மிஞ்சும். அந்த ஓரத்தின் வழியே ஒரு கற்பனைப் பந்தை உருட்டி, பந்து நுழையாத பள்ளங்களை நிரப்பி முடிச்சை மீட்டார்கள். அழகான தீர்வு அது.

எது முடிச்சு என்பதிலேயே மனிதர்களுக்குள் ஒற்றுமை இல்லை என்பதே இத்துறையின் ஆழமான சிக்கல். அமெரிக்காவில் தொகுக்கப்பட்டு 2011இல் விவரிக்கப்பட்ட பொதுத் தரவுத்தொகுப்பில் 1,018 ஸ்கேன்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் நான்கு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தனர். பிறகு மற்றவர்களின் குறிப்புகளைக் கண்டு மறுபரிசீலனை செய்தனர். 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள முடிச்சு என ஒருவராவது குறித்தவை 2,669. நால்வரும் ஒப்புக்கொண்டவை 928 மட்டுமே. இத்தொகுப்பைக் கொண்டுதான் பல மென்பொருள்கள் பயிற்றுவிக்கப்பட்டன.

53,454 பேர் பங்கேற்ற அமெரிக்க தேசிய நுரையீரல் பரிசோதனை ஆய்வின் முடிவும் அதே ஆண்டில் வந்தது. எக்ஸ்ரே பரிசோதனையுடன் ஒப்பிட, சி.டி. பரிசோதனை நுரையீரல் புற்று மரணங்களை 20% குறைத்தது. ஆனால் சி.டி.யில் சந்தேகத்துக்குரியதாகக் கிடைத்த முடிவுகளில் 96.4% புற்றுநோய் அல்ல. எனவே கூடுதலாகக் கண்டுபிடிப்பதைவிட, வீண் அச்சத்தையும் தேவையற்ற ஊசித் திசுப் பரிசோதனையையும் தவிர்ப்பதே மென்பொருளின் பெரிய கடமையாயிற்று.

2019இல் கூகுள் ஆய்வாளர்களின் ஆழ்கற்றல் மென்பொருள் இந்த ஆய்வின் ஸ்கேன்களில் சோதிக்கப்பட்டது. முந்தைய ஸ்கேன் இல்லாத நிலையில் ஆறு மருத்துவர்களைவிடத் தவறான எச்சரிக்கைகளைக் குறைத்தது. முந்தைய ஸ்கேனும் கையில் இருந்தபோது மருத்துவர்கள் அதற்கு ஈடுகொடுத்தனர். 2023இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையும் வெளியிட்ட ‘சிபில்’, முடிச்சுகளை மருத்துவர் குறித்துத் தராமலே, ஒரே ஸ்கேனிலிருந்து அடுத்த ஆறு ஆண்டுகளுக்கான புற்று அபாயத்தைக் கணிக்கிறது.